குழிக்குத் தெரியுமா ஷாக் அப்சார்பரின் விலை?

பெங்களூரின் வெளிவட்டச் சாலையிலோ புனேயின் ஐ.டி. பூங்கா வாசலிலோ மாலை நேரத்தில் சற்று நின்றால் இந்தக் காட்சி கிடைக்கும். தரையோடு தரையாகப் படுத்த ஒரு கார். பளபளக்கும் சக்கரங்கள். சக்கரத்தின் இடைவெளி வழியே தங்க நிறத்தில் மின்னும் ஷாக் அப்சார்பர். வேகத்தடை வந்ததும் கார் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. பிறகு, நிறைமாதக் கர்ப்பிணியை ஏற்றிச் செல்லும் வண்டிபோல, ஒரு சக்கரத்தை மட்டும் முதலில் ஏற்றி, கோணலாகத் திரும்பி, அங்குலம் அங்குலமாகத் தடையைக் கடக்கிறது. பின்னால் காத்திருக்கும் ஆட்டோக்காரர் பொறுமை இழந்து ஹாரனை அழுத்துகிறார். தடையைத் தாண்டியதும் கிடைக்கும் முதல் இடைவெளியில் ஆட்டோ முந்திக்கொண்டு போய்விடுகிறது.

அந்தக் காரின் அடியில் இருப்பது பந்தயக் கார்களின் பரம்பரையில் வந்த சஸ்பென்ஷன். அதன் விலைக்கு ஒரு புது ஆட்டோவே வாங்கிவிடலாம்.

விலைக் கணக்கு எளிதானது. சாலையிலும் பந்தயத் தடத்திலும் ஓட்டலாம் என்று சொல்லி விற்கப்படும் பெயர்பெற்ற ஐரோப்பிய ‘காயில்ஓவர்’ ஜோடிகள் அமெரிக்காவில் 3,000 டாலர் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கின்றன. நான்கு சக்கரங்களுக்கும் ஸ்பிரிங், டாம்பர் எல்லாம் சேர்ந்த விலை இது. டாலர் 85 ரூபாய்க்கு மேல் போய்விட்ட நிலையில் இது இரண்டரை லட்சம். கப்பல் கூலி, சுங்க வரி, ஜி.எஸ்.டி., பொருத்தும் கூலி எல்லாம் ஏறினால் மூன்றரை லட்சத்தை நெருங்கிவிடும். பந்தயத்துக்கென்றே செய்த ரகங்களின் விலை இதைப்போல் மூன்று மடங்கு, நான்கு மடங்கு. பத்து லட்ச ரூபாய்க் காரில் மூன்றில் ஒரு பங்கு விலையை, யார் கண்ணுக்கும் சரியாகத் தெரியாத நான்கு குழாய்களில் கொட்டுவது புத்திசாலித்தனமா? கார் பித்தர்களின் சபையில் முடிவில்லாமல் நடக்கும் வழக்கு இது.

தீர்ப்புச் சொல்லுமுன் அந்தக் குழாய்கள் செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும். ‘ஷாக் அப்சார்பர்’ என்ற பெயரே சற்றுத் தவறானது. அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வது ஸ்பிரிங்தான். காரின் எடையைச் சுமப்பதும் அதுதான். ஆனால் ஸ்பிரிங்குக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு முறை அமுக்கிவிட்டால் தானாக அடங்காது. ஊஞ்சல்போல ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. உள்ளே எண்ணெய். அதற்குள் சிறு துவாரங்கள் கொண்ட பிஸ்டன். சக்கரம் ஏறி இறங்கும்போது பிஸ்டன் எண்ணெயைத் துவாரங்கள் வழியே பிதுக்குகிறது. ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறிக் காற்றில் கலக்கிறது. டாம்பர் என்று பொறியாளர்கள் அழைப்பது இதைத்தான்.

இத்தனையும் எதற்காக? காரும் சாலையும் சந்திக்கும் இடம் நான்கே நான்கு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ உள்ளங்கை அகலம். பிரேக் பிடிப்பதும் வளைவில் திரும்புவதும் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான். சக்கரம் தரையைவிட்டு எழும்பும் ஒவ்வொரு கணமும் ஓர் உள்ளங்கை குறைகிறது. ஆக, சஸ்பென்ஷனின் முதல் கடமை பயணியின் முதுகைக் காப்பதல்ல. டயரைத் தரையோடு ஒட்டவைப்பது. முதுகு இரண்டாவது.

விலை உயர்ந்த டாம்பர் இந்த முதல் கடமையைச் சிறப்பாகச் செய்கிறது என்பதில் சந்தேகமில்லை. சாதாரண டாம்பரில் எண்ணெயும் வாயுவும் ஒரே கூட்டில் குடியிருக்கும். தொடர்ந்து அடி வாங்கினால் எண்ணெய் சூடேறி நுரைக்கும். நுரைத்த எண்ணெய்க்கு எதிர்ப்புச் சக்தி இல்லை, டாம்பர் தொளதொளத்துவிடும். இதற்கு விடை கண்டவர் டி கார்பன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். எண்ணெயையும் அழுத்தமேற்றிய வாயுவையும் ஒரு மிதக்கும் பிஸ்டனால் பிரித்துவிட்டார். ஜெர்மனியின் பில்ஸ்டீன் நிறுவனம் இந்த ஒற்றைக் குழாய் முறையை மேம்படுத்தி 1957இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களுக்குக் கொண்டுவந்தது. ஸ்வீடனில் கெந்த் ஓலின் 1976இல் மோட்டோகிராஸ் பைக்குகளுக்காக ஒரு டாம்பர் கம்பெனி ஆரம்பித்தார். தங்க நிறம் அதன் அடையாளமாகிவிட்டது. அந்த ஓலின்ஸ் நிறுவனத்தை 2025 ஜனவரியில் இத்தாலியின் பிரேக் நிறுவனமான பிரெம்போ வாங்கியது. விலை சுமார் 40 கோடி டாலர்.

கூடுதல் பணத்துக்குக் கிடைப்பவை மூன்று. ஒன்று, சூடேறினாலும் குணம் மாறாத தன்மை. இரண்டு, துல்லியம்: இடது சக்கரத்தின் டாம்பரும் வலது சக்கரத்தின் டாம்பரும் அச்சு அசலாக ஒரே மாதிரி நடந்துகொள்ளும். மூன்று, திருகுகள். அமுங்கும் வேகத்துக்கு ஒன்று, மீளும் வேகத்துக்கு ஒன்று என்று தனித்தனியே திருகிக்கொள்ளலாம். மேல்தட்டு ரகங்களில் மெதுவான அசைவுக்கும் வேகமான அசைவுக்கும்கூடத் தனித் திருகுகள் உண்டு. இங்கே வேகம் என்பது காரின் வேகம் அல்ல, பிஸ்டனின் வேகம். வளைவில் கார் சாய்வது மெதுவான அசைவு. குழியில் சக்கரம் விழுவது வேகமான அசைவு. இந்த வித்தியாசம் தெரியாமல் திருகைத் திருப்புகிறவர், காசு கொடுத்து வாங்கிய நல்ல காரைக் காசு கொடுத்தே கெடுத்துக்கொள்கிறார்.

பந்தய உலகம் இந்தத் திருகுகளுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கும். 1992இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் வில்லியம்ஸ் அணியின் எஃப்டபிள்யூ14பி கார் இறங்கியது. கம்ப்யூட்டர் உத்தரவில் ஹைட்ராலிக் உருளைகள் இயங்கி, காரின் உயரத்தைத் தடத்திலிருந்து மாறாமல் வைத்திருந்தன. நைஜல் மான்செல் அந்த ஆண்டின் 16 பந்தயங்களில் 9ஐ வென்று சாம்பியன் ஆனார். அடுத்த ஆண்டு அதே அணியில் அலென் புரோஸ்ட் சாம்பியன். 1994இல் அந்தத் தொழில்நுட்பம் தடை செய்யப்பட்டது. அந்த சஸ்பென்ஷன் மான்செலின் சௌகரியத்துக்காகச் செய்யப்பட்டதல்ல என்பது கவனிக்க வேண்டிய விஷயம். காரின் அடிவயிறு தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருந்தால் காற்று காரை ஒரே சீராகக் கீழே அழுத்தும். வளைவில் வேகம் குறையாது. அதற்காகத்தான் அத்தனை செலவும். பந்தயத்தில் பணத்துக்கு மாற்றாகக் கிடைப்பது நேரம். ஒரு சுற்றுக்கு அரை நொடி மிச்சம் என்றால் ஒரு அணி எத்தனை லட்சம் டாலரும் கொடுக்கும். அலுவலகத்துக்கு அரை நொடி முன்னால் போய்ச் சேருகிறவருக்கு அதனால் ஆகப்போவது என்ன?

உடம்பின் கணக்கு வேறு. சொகுசான குடும்பக் காரின் ஸ்பிரிங் நொடிக்கு ஒரு முறை, மிஞ்சினால் ஒன்றரை முறை ஆடும்படி அமைக்கப்படுகிறது. மனிதன் நிதானமாக நடக்கும் தாளத்துக்கு நெருக்கமான ஆட்டம் இது. அதனால் உடம்பு அதைப் பொருட்படுத்துவதில்லை. ஸ்போர்ட்ஸ் கார்களில் இது இரண்டை நெருங்கும். காற்றின் அழுத்தத்தை நம்பி ஓடும் பந்தயக் கார்களில் மூன்று முதல் ஐந்து, அதற்கு மேலும் போகும். உட்கார்ந்திருக்கும் மனித உடம்போ நொடிக்கு நான்கு முதல் எட்டு வரையிலான செங்குத்து அதிர்வைத்தான் தாங்கிக்கொள்ள மிகவும் சிரமப்படுகிறது. பந்தய வீரர் ஒன்றரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இதைச் சகிக்கிறார். அதற்கு அவருக்குச் சம்பளம் உண்டு. பின் சீட்டில் உட்காரும் வயதான தாயாருக்கு அப்படி எதுவும் இல்லை.

அடுத்து சாலை. இந்திய சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பின் வழிகாட்டு நெறியின்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டரில் சௌகரியமாகக் கடக்கலாம். நடைமுறையில் ஊர்க்காரர்கள் இரண்டு கூடை ஜல்லியும் ஒரு டின் தாரும் கொண்டு ஒரே இரவில் எழுப்பும் தடைகளுக்கு எந்த நெறியும் கிடையாது. குழிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் சாலைக் குழிகளால் நேர்ந்த விபத்துகளில் 1,856 பேர் இறந்திருக்கிறார்கள். இத்தகைய சாலையில் சக்கரம் ஏறி இறங்க இடம் வேண்டும். காரைத் தாழ்த்தும்போது முதலில் பறிபோவது அந்த இடம்தான். சக்கரம் முழுவதும் ஏறி ரப்பர் தடுப்பில் மோதும் அந்த ‘டமார்’ சத்தம் கேட்கும் கணத்தில், லட்ச ரூபாய் டாம்பருக்கும் ஆயிரம் ரூபாய் டாம்பருக்கும் வித்தியாசம் கிடையாது. குழிக்குத் தெரியுமா ஷாக்கின் விலை?

அப்படியானால் இந்தியாவில் இதற்கு வேலையே இல்லையா? உண்டு. ராலி ஓட்டுகிறவர்களைக் கேட்டால் தெரியும். 1985இல் அறிமுகமான மாருதி ஜிப்ஸி பல வருடங்கள் இந்திய ராலிகளின் குதிரையாக இருந்தது. எடை குறைவு; எளிதில் உடையாது. ஆனால் நான்கு சக்கரத்திலும் லாரிபோலப் பட்டை ஸ்பிரிங். கல்லும் மண்ணுமான மலைப் பாதையில் பல கிலோமீட்டர் தாவித் தாவி ஓடும்போது கம்பெனி ஷாக் அப்சார்பர் கொதித்து ஓய்ந்துவிடும். பிறகு ஒவ்வொரு தாவலுக்குப் பின்னும் வண்டி எங்கே போய் இறங்கும் என்பது ஓட்டுநரின் கையில் இல்லை. பக்கத்தில் பள்ளத்தாக்கு. 1999இல் தொடங்கிய ரெய்ட் டி ஹிமாலயா போன்ற போட்டிகளில் இறங்குகிறவருக்கு நல்ல டாம்பர் ஆடம்பரம் அல்ல, உயிர்க் காப்பு. அங்கே செலவழித்த ஒவ்வொரு ரூபாயும் நியாயமானது.

பந்தயத் தடங்களிலும் அப்படித்தான். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை, கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே, கிரேட்டர் நொய்டாவில் 2011 முதல் 2013 வரை ஃபார்முலா 1 நடந்த 5.125 கிலோமீட்டர் புத்த சர்வதேசத் தடம் என்று வேகத்தைச் சட்டபூர்வமாகக் காட்ட நாட்டில் இடங்கள் உண்டு. குழியில்லாத தார். மாடு குறுக்கே வராது. எதிரே லாரி வராது. ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம் குறித்து, ஒரு திருகைத் திருப்பி, மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். மாதம் ஒரு முறையாவது தடத்துக்குப் போகிறவருக்குத் திருகுகள் பேசும். ஆனால் அங்குள்ள அனுபவசாலிகளும் புதியவர்களுக்குச் சொல்லும் வரிசை வேறு: முதலில் பயிற்சி, அப்புறம் டயர், அப்புறம் பிரேக், கடைசியில் சஸ்பென்ஷன். நல்ல ஓட்டுநர் சாதாரணக் காரில் எடுக்கும் நேரத்தைப் பழகாதவர் தங்கக் குழாய்களாலும் எட்ட முடியாது.

மறுதரப்பு வாதத்தையும் கேட்க வேண்டும். “பட்டுப் புடவை தினமும் கட்டவா வாங்குகிறார்கள்? கச்சேரிக்கு ஏற்ற வீணையை வீட்டில் வைத்து வாசிக்கிறவர் இல்லையா? ஆசைக்கு விலை பேசக்கூடாது” என்பார்கள். நியாயம்தான். இன்னொன்றும் சொல்வார்கள்: விலை உயர்ந்த டாம்பர் என்றால் கட்டாந்தரைபோல இருக்கும் என்பது பொய். இதுவும் உண்மை. நன்றாகச் செய்த டாம்பர் வளைவில் விறைத்து நிற்கும், குழியில் விட்டுக்கொடுக்கும். முதுகை உடைப்பவை பெரும்பாலும் அதைப் பார்த்துக் காப்பியடித்த மலிவு ரகங்கள். எழுபதாயிரம், எண்பதாயிரம் ரூபாய்க்கு ‘32 படித் திருகு’ என்று சொல்லி விற்கப்படும் சிலவற்றில், எந்தப் படியில் வைத்தாலும் கார் ஒரே மாதிரி குதிக்கும். பந்தய ரகம் வாங்குகிறவர் பணத்தைக் கூடுதலாகச் செலவிடுகிறார் என்றால் போலி வாங்குகிறவர் பணத்தை மொத்தமாகத் தொலைக்கிறார்.

ஆனால் பட்டுப் புடவைக்கும் சஸ்பென்ஷனுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. புடவையால் தெருவில் போகிறவருக்கு ஆபத்தில்லை. நல்ல சஸ்பென்ஷன் காரின் எல்லையை உயர்த்துகிறது. சாலையின் எல்லையை உயர்த்துவதில்லை. மணிக்கு 80இல் தடுமாறிய வளைவை 100இல் அலட்சியமாகக் கடக்கும்போது ஓட்டுநருக்குத் தைரியம் பிறக்கிறது. அந்த வளைவுக்கு அப்பால் விளக்கில்லாத டிராக்டர் நிற்கிறதா என்பதை ஸ்வீடன் டாம்பர் சொல்லாது.

பராமரிப்பும் சட்டமும் பிறகு வருகின்றன. பந்தய டாம்பரைக் குறித்த காலத்தில் பிரித்து, எண்ணெயும் சீலும் மாற்றி, நைட்ரஜன் ஏற்ற வேண்டும். பந்தய அணிகள் இதற்கென்றே ஆள் வைத்திருக்கின்றன. தனி மனிதர் பார்சல் கட்டி அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். மழையும் சேறும் மணலும் கலந்த சாலையில் பளபளக்கும் மரை துருப்பிடித்து இறுகிவிட்டால் உயரத்தை மாற்றும் வசதி பெயரளவில்தான் மிஞ்சும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த அசல் விவரங்களுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. கார் கம்பெனியின் வாரண்டியும் இன்ஷூரன்ஸ் கோரிக்கையும் சிக்கலாகும்போது இந்தப் பிரிவு பலருக்கு முதல் முறையாக நினைவுக்கு வருகிறது.

வேடிக்கை என்னவென்றால், மூன்றரை லட்சம் செலவழிக்கலாமா என்று தூக்கம் கெடுகிறவர்கள் சில ஆயிரம் பேர் என்றால், செலவழிக்க வேண்டிய சில ஆயிரம் ரூபாயைச் செலவழிக்காமல் ஓடுகிறவர்கள் லட்சக்கணக்கானவர்கள். ஷாக் அப்சார்பர் ஒரே நாளில் சாவதில்லை. மெதுவாக ஓய்கிறது. ஓட்டுகிறவரும் அதற்கேற்பப் பழகிவிடுகிறார். எண்ணெய் கசிந்து தூசி ஒட்டிய குழாய், மேடு பள்ளமாகத் தேய்ந்த டயர், பிரேக் பிடித்தால் மூக்கை மண்ணில் குத்தும் கார், வேகத்தடையைத் தாண்டிய பிறகும் இரண்டு மூன்று முறை ஆடும் பின்பக்கம் — இவையெல்லாம் அது ஓய்ந்ததற்கான அடையாளங்கள். “ஷாக் போயிடுச்சு சார், மாத்திடலாம்” என்று மெக்கானிக் சொன்னால் “அடுத்த சர்வீஸில் பார்க்கலாம்” என்பதே வழக்கமான பதில். ஓய்ந்த டாம்பரோடு கரடுமுரடான சாலையில் அவசரமாகப் பிரேக் பிடித்தால் சக்கரம் குதித்துக் குதித்துப் போகும். நிற்கும் தூரம் நீளும். முன்னால் போகும் ஸ்கூட்டரில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கூடுதல் தூரம்தான் எல்லாம்.

ஆகவே சாமானியருக்கான கணக்கு இது. ஐம்பது, அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய காரில் முதலில் நல்ல டயர் நான்கு. அதில் சரியான காற்று. பிறகு நைந்துபோன ரப்பர் புஷ்கள். பிறகு நான்கு புதிய, தரமான ஷாக் அப்சார்பர்கள். கடைசியில் வீல் அலைன்மென்ட். எல்லாம் சேர்ந்து பந்தயக் குழாய்களின் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும். கார் ஷோரூமிலிருந்து வந்த நாள்போல மாறிவிடும். பலர் ‘சஸ்பென்ஷன் மாற்ற வேண்டும்’ என்று ஏங்குவது உண்மையில் இழந்துபோன இந்த நாளுக்குத்தான். அதற்கு மேலும் ஆசை இருந்தால், உயரத்தைக் குறைக்காமல் பில்ஸ்டீன், கோனி போன்றவர்களின் திருகில்லாத டாம்பர் மட்டும் மாற்றிக்கொள்வது நடுவழி.

பந்தயத் தொழிற்சாலைகளின் அறிவு சாதாரணக் கார்களுக்குத் தானாகவே வந்துகொண்டிருக்கிறது. அதிர்வின் வேகத்தைத் தானே உணர்ந்து, வளைவில் இறுகி குழியில் இளகும் டாம்பர்கள் 2017இல் புனே அருகே ரஞ்சன்காவில் தயாரான ஜீப் காம்பஸில் வந்தன. 2022இல் மஹிந்திரா ஸ்கார்பியோ-என் காரிலும் அதே வகை ஏற்பாடு வந்தது. திருகு கிடையாது. வாங்கியவர்களில் பலருக்கு அப்படியொன்று காரில் இருப்பதே தெரியாது. பொறுத்திருந்தால் பந்தயம் வீட்டு வாசலுக்கு வரும்.

எப்போதும் அப்படி வருவதில்லை. பிரிட்டிஷ் போலீஸ் தேடியதால் வங்காளத்திலிருந்து தப்பி அமெரிக்கா போனவர் நோனி கோபால் போஸ். அவருடைய மகன்தான் ஒலிபெருக்கிகளால் உலகப் புகழ் பெற்ற அமர் போஸ். அவர் 1980இல் ஒரு சஸ்பென்ஷன் ஆராய்ச்சியைத் தொடங்கினார். எண்ணெய் டாம்பருக்குப் பதில் மின்காந்த மோட்டார்கள். 2004இல் அதை வெளியிட்டுக் காட்டியபோது உலகம் வாயடைத்துப் போனது. லெக்சஸ் கார் ஒன்று மேடுகளின் மீது தட்டையாகச் சறுக்கிச் சென்றது. குறுக்கே வைத்த கட்டையைப் பூனைபோலத் தாவிக் கடந்தது. ஆனால் எடை அதிகம். விலை அதைவிட அதிகம். எந்தக் கார் கம்பெனியும் அதை ஷோரூமுக்குக் கொண்டுவரவில்லை.

அந்த ஆராய்ச்சியிலிருந்து கடைசியில் கடைக்கு வந்த பொருள் வேறொன்று. 2010இல் போஸ் நிறுவனம் லாரி ஓட்டுநர்களுக்கான ஒரு சீட்டை விற்பனைக்கு விட்டது. வண்டி குலுங்கும், சீட் குலுங்காது. முப்பது ஆண்டு ஆராய்ச்சி, காரைப் பொழுதுபோக்காக ஓட்டுகிறவரை விட்டுவிட்டு, நாள் முழுவதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து முதுகைத் தேய்க்கிறவரிடம் போய்ச் சேர்ந்தது.

விலை பெறுமா என்ற கேள்விக்கு அந்த சீட்டில் ஒரு பதில் இருக்கிறது. எவ்வளவு விலை என்பதைவிட, யாருக்கு, எத்தனை மணி நேரத்துக்கு என்று கேட்பதே சரி. ராலி ஓட்டுநருக்கு அது பெறும். மாதம் ஒரு முறை தடத்துக்குப் போகிறவருக்கும் பெறலாம். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே பதினான்கு வேகத்தடைகளைக் கோணலாகக் கடக்கிறவர், அடுத்த தடையில் ஹாரன் அடிக்கும் ஆட்டோக்காரருக்கு வழிவிட்டுவிட்டு இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். யோசிக்க அவருக்கு நேரம் நிறைய இருக்கும்.